கையை வீசிக்கொண்டு நடந்தவள்

எனக்கு உடம்பு பெருத்ததில் என்னைவிட என் வீட்டுக்காரருக்குத்தான் பெருமை. ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லையில் குனிந்து களை பறித்து, விறகு சுமந்து, தண்ணீர் சுமந்து, வயிற்றில் பிள்ளையும் சுமக்கிற பெண்ணின் உடம்பில் சதை எங்கே தங்கும்? எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒட்டிய கன்னமும் நரம்பு தெரியும் கையுமாகத்தான் இருந்தார்கள். நான் மட்டும் எட்டாவது வரை படித்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊருக்குப் பால்வாடி வந்தபோது அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அன்றோடு கொல்லைக்குப் போவது நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் ரேஷன் அரிசிச் சோறு, வேளைக்கு ஒரு டீ, அதில் சர்க்கரை தூக்கலாக. சில வருஷத்தில் வளையல்கள் மணிக்கட்டிலேயே இறுகிவிட்டன. சந்தையில் யாராவது, டீச்சரம்மா வூட்ல நல்ல சோறு போல என்று சொன்னால் அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். பெண்டாட்டியை உட்காரவைத்துச் சோறு போடுகிறவன் என்று அவருக்குப் பேர். சம்பளம் வாங்குகிறவள் நான் என்பதை யாரும் பேச்சில் சேர்த்துக்கொள்ளவில்லை.

என் அப்பாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் பக்கத்து ஊர்க்காரர். மலைப் புளியையும் தேனையும் போளூருக்கு இறக்கி விற்றவர். அங்கே ஹோட்டல் சாப்பாடு, திரும்பும்போது துண்டில் முடிந்த இனிப்பு என்று வசதியாக வாழ்ந்தார். எனக்குக் கல்யாணமான கொஞ்ச காலத்தில் அவர் கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. அது ஆறவே இல்லை. பச்சிலை கட்டினார்கள். சாமி குத்தம் என்று கோழி அறுத்தார்கள். கால் கறுத்து நாற்றம் எடுத்த பிறகு கட்டிலோடு தூக்கிக்கொண்டு அமிர்திப் பக்கமாக மலையிறங்கினார்கள். எங்கள் வழக்கப்படி ஒவ்வோர் ஊர்க்காரரும் தங்கள் எல்லை வரை தூக்குவார்கள், அங்கே அடுத்த ஊர்க்காரர் தோள் மாற்றிக்கொள்வார்கள். அப்படி ஊர் ஊராகக் கைமாறிப் போய் அமிர்தியில் பஸ் ஏறினார். முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். திரும்பி வந்து ஒரு அறுப்புக் காலம்கூட இருக்கவில்லை. சர்க்கரை வியாதி என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை மலையில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் எங்கே சர்க்கரை தின்றான், வெல்லம்தானே தின்றான் என்று கேட்டார்கள். வெட்டியதால் செத்தான் என்பதுதான் ஊரின் தீர்ப்பு.

இந்த நிலைமையில்தான் ஜீப் வந்தது. கீழேயுள்ள ஓர் ஆஸ்பத்திரியின் ஜீப். அது முன்பும் வரும், காசநோய்க்கும் பிரசவத்துக்கும். இந்த முறை புதிதாக ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நெஞ்சு வலியும் வருவதற்கு முன்னாலேயே, சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றித் தடுப்பது. மாதா மாதம் வருவார்களாம், எடை பார்ப்பார்களாம், பேசுவார்களாம். கூட்டம் என் பால்வாடியில். ஆள் சேர்க்கும் வேலையும் என் தலையில். ஆண்களைச் சேர்ப்பது லேசில்லை. கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே பாதி ஆண்கள் காட்டுக்குள் புகுந்துவிடுவார்கள். ஊர்க் கவுண்டர் மட்டும் ஓடவில்லை. அவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா, எனக்கு மாமா முறை. பெரிய தலைப்பாகையோடு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் இளவயதுக்காரர், நல்ல மாதிரி. பெரிய பெரிய படங்களைத் தூக்கிக் காட்டினார். முதல் படத்தில் ஒரு தொப்பைக்காரர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அந்த மாதிரித் தொப்பை எங்கள் மலையில் யாருக்கும் கிடையாது. எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தார்கள். டாக்டர் கவுண்டருக்குக் கொதிப்புப் பார்த்தார். கூடுதலாக இருந்தது போலிருக்கிறது. "பெரியவரே, உங்களுக்குக் கொழுப்பு அதிகமா இருக்கலாம், குறைச்சுக்கணும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். ஊரே கூடியிருக்கிற இடத்தில் ஊர்க் கவுண்டரைப் பார்த்துக் கொழுப்பு என்றால் என்ன ஆகும்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டார். நர்ஸ் பின்னாலேயே ஓடி அர்த்தம் சொல்லிப் பார்த்தும் அவர் திரும்பவில்லை.

எனக்கும் அன்று டாக்டர் மேல் ஆத்திரம்தான். அரிசியைக் குறையுங்கள், சாமையும் கேழ்வரகும் சாப்பிடுங்கள், உங்கள் மலையிலேயே அருமையான தானியம் இருக்கிறது என்றார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அரிசிச் சோறு என்பது எங்களுக்குக் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் பார்க்கிற பொருளாக இருந்தது. மலைக்காரன் தீனி என்று சாமையைப் பார்த்து மூக்கைச் சுளித்தவர்கள் யார்? கீழே இருக்கிறவர்கள்தானே? இப்போதுதான் ரேஷன் புண்ணியத்தில் எங்கள் பிள்ளைகள் வெள்ளைச் சோறு பார்க்கின்றன. அதற்குள் ஜீப் ஏறி வந்து பழையபடி சாமைக்குப் போ என்றால் எப்படி இருக்கும்? மத்தியானம் நீங்கள் என்ன சார் சாப்பிடப் போகிறீர்கள் என்று எழுந்து நின்று கேட்டேன். அவர் டிபன் கேரியரில் எலுமிச்சம்பழச் சாதம் இருந்தது. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

அப்புறம் சிறுநீர் பார்த்தார்கள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார் நர்ஸ். நீலமாகவே இருந்தால் ஒன்றுமில்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் சர்க்கரை இருக்கிறது. கடைசி நிறம் செங்கல். வந்திருந்த பெண்களின் குழாய்கள் வரிசையாக நீலமாக நின்றன. என்னுடையது கொதித்ததும் செங்கல் நிறமாகிவிட்டது. நர்ஸ் குழாயைச் சட்டென்று தனியாக எடுத்து வைத்தார். ஆனால் மலைக்காரிகளுக்குக் கண் நல்ல கூர்மை.

டாக்டரிடம் என் அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன். அவர் குனிந்து என் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாத்திரை கொடுத்தார், சாப்பாடு சொன்னார், வெறுங்காலோடு நடக்காதீர்கள், செருப்புப் போடுங்கள் என்றார். "மத்த பொம்பளைங்க வேலையிலேயே நடந்துடறாங்க. நீங்க உட்கார்ந்தே இருக்கீங்க. தினமும் சாயங்காலம் கையை நல்லா வீசி, வேகமா நடங்க. உங்க காலைக் காப்பாத்தறதுல பாதி உங்க கையிலதான் இருக்கு" என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்று இரவு படுத்தபோது என் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இந்தக் கால்கள் போகக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. வேறு எவர் எதைச் சொன்னாலும் இதற்கு அப்புறம்தான்.

மறுநாளே சமையலை மாற்றினேன். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் சோறு, எனக்குச் சாமை. பெண்டாட்டிக்கு அரிசிகூடப் போடாதவன் என்று ஊர் பேசுமே என்று அவர் கவலைப்பட்டார். பேசட்டும் என்றேன். சாயங்காலம் பால்வாடியைப் பூட்டி, செருப்பு மாட்டிக்கொண்டு, கையை வீசி நடக்கக் கிளம்பினேன்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் மலையில் யாரும் சும்மா நடப்பதில்லை. கொல்லைக்குப் போகிறவள் கையில் அரிவாள் இருக்கும். ஓடைக்குப் போகிறவள் இடுப்பில் குடம் இருக்கும். சாயங்காலம் பெண்கள் எல்லாம் தலைச்சுமையோடு ஊருக்குள் வருகிற நேரம். நான் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு ஊரைவிட்டு வெளியே போகிறேன். ஒரு பெண் வெறுங்கையோடு எல்லைக்கல்லைத் தாண்டினால் அவள் புருஷனோடு சண்டை போட்டுத் தாய்வீட்டுக்குப் போகிறாள் என்று அர்த்தம். அப்படிப் போகிறவள் புருஷன் வீட்டிலிருந்து ஒரு சொம்புகூட எடுக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால்தான் வெறுங்கை. இது எனக்குத் தெரியாததில்லை. டாக்டர் சொன்னதைக் காலுக்கான வைத்தியமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஊர்க் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

எல்லைக்கல்லைத் தாண்டி வளைவு வரை போய்த் திரும்பினேன். எதிரே என் வீட்டுக்காரரின் தம்பியும் இரண்டு பங்காளிகளும் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். எதுவாக இருந்தாலும் வீட்டில் பேசிக்கொள்ளலாம், வந்துவிடு என்கிறார்கள். நான் ஊர்ப்பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்பதுகூட அவர்களுக்கு உறைக்கவில்லை. அதைவிடக் கொடுமை மறுநாள் காலையில். சேதி என் தாய்வீட்டுக்குப் போய்விட்டது. என் அண்ணன்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தடியோடு வாசலில் வந்து நின்று, எங்கள் தங்கச்சியை என்ன செய்தாய் என்று கேட்டார்கள். அவர் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். "உள்ள டீ குடிச்சிக்கினு கீறா, நீங்களே போய்க் கேளுங்க" என்றார் பாவம். அண்ணன்களுக்கு நான் கோழியடித்துச் சோறாக்கிப் போட்டு அனுப்ப வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலமும் நடந்தேன். அதற்கடுத்த நாளும் நடந்தேன். ஊர் சிரிக்கிறது என்றார் அவர். "என் காலை வெட்டுனா ஊரு வந்து அழுவுமா?" என்று கேட்டேன். அவர் எழுந்து வெளியே போனார். வாசலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்து, அணைத்து, மறுபடியும் பற்றவைத்தார்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் ஆண்கள் உட்கார, பெண்கள் ஓரமாக நின்றோம். கவுண்டர் என்னை நடுவே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. வழக்கம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார், அவ்வளவுதான். நீ கல்லைத் தாண்டினால் உன் வீட்டுக்காரனுக்கு அவமானம், உன் அண்ணன்கள் தடியெடுத்தால் இரண்டு ஊருக்கும் பகை, படித்தவளுக்கு இது தெரிய வேண்டாமா என்று நிதானமாகத்தான் கேட்டார். டாக்டர் கையை வீசி நடக்கச் சொன்னார் மாமா என்றேன். கூட்டத்தில் ஒருத்தர், கையை வீசிக்கொண்டு போகிறவளை நாங்கள் என்னவென்று சொல்வது என்றார். இன்னொருத்தர் சத்தமாகவே, இவளுக்குக் கொழுப்பு என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஆமா, கொழுப்புதான். டாக்டரே பாத்துச் சொல்லிட்டாரு. அதைக் குறைக்கத்தான் நடக்குறேன்" என்றேன்.

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. கவுண்டரின் முகம் சிவந்தது. அன்றைக்குத் தன்னைச் சொன்ன வார்த்தையை நான் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சத்தியமாக எனக்கு அந்த நினைப்பே இல்லை. ஆனால் சொல்லிவிட்டேன், இனிமேல் அள்ள முடியாது. யாரோ ஒரு பெரியவர் சமாதானத்துக்கு வழி சொன்னார். நடக்கட்டும், ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கட்டும், பார்க்கிறவர்களுக்கு விறகுக்குப் போகிற மாதிரி இருக்கும் என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. என் வீட்டுக்காரர் நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார்.

நான் முடியாது என்றேன். அந்தக் கூடையில் என்ன இருக்கிறது, வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று பிறகு பலர் கேட்டார்கள். கூடையை இடுக்கிக்கொண்டால் கையை எப்படி வீசுவது? அதுவும் போகட்டும். எங்கள் மலையில் கூடை காலியாக ஊர் திரும்பியதாகச் சரித்திரம் உண்டா? போகும்போது சும்மாதான் போகும். வருகிற வழியில் இரண்டு சுள்ளி, கொஞ்சம் தழை, நாலு கடுக்காய் என்று நிறையும். நிறைந்தால் வேகம் போச்சு, வைத்தியமும் போச்சு. எனக்குப் பல் விழுந்து முளைத்த வயதிலிருந்து தலையில் சுமை ஏற்றியிருக்கிறார்கள். என் உடம்புக்காக, என் காலுக்காக ஒரு நடை நடக்கிறேன் என்றால் அதற்கும் ஒரு பொய்ச் சுமை வேண்டுமா? இதை அங்கே இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "நடக்குறது என் காலுக்கு மாமா, கூடைக்கு இல்ல" என்று மட்டும் சொன்னேன். என்னோடு யாரும் பேசக் கூடாது என்று கூட்டத்தில் முடிவானது.

பேசவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் குடங்கள் மட்டும் சத்தம் போடும். ஆனால் பிள்ளைகளை மட்டும் காலையில் தவறாமல் பால்வாடிக்கு அனுப்பினார்கள். டீச்சர்தான் ஆகாது, மத்தியானச் சோறு யாருக்குக் கசக்கும்? சாயங்காலம் நடந்தேன். எதிரே சுமையோடு வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லாதது ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது. மழைக்காலத்தில் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன். டீக்குச் சர்க்கரை கிடையாது. முதலில் குமட்டியது, பிறகு நாக்கு அடங்கிவிட்டது. ஜீப் வரும்போதெல்லாம் குழாயைக் காட்டுவேன். செங்கல் மஞ்சளானது. மஞ்சள் ஒரு மாதம் போவேனா என்று நின்றது, பிறகு பச்சையானது. வளையல்கள் மறுபடியும் முழங்கை வரை ஏறின. உடம்பு இளைக்க இளைக்க ஊருக்கு இன்னொரு பேச்சு கிடைத்தது. டீச்சரம்மாவை நோய் அரிக்கிறது என்றார்கள். பருத்தால் பெருமை, இளைத்தால் சாவு. இவர்களிடம் எந்த உடம்போடு வாழ்வது என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் வழக்கத்தை விடவில்லை. கோயிலையும் கவுண்டர் வீட்டையும் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். என்னோடு பேசாவிட்டாலும் மாமா மாமாதானே. அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு சாயங்காலம் அவர் வீட்டு வாசலுக்கு நேரே, வெறுங்காலோடு, புதைந்து கிடந்த கல்லில் கட்டைவிரலை இடித்துக்கொண்டேன். நகம் பெயர்ந்து தொங்கியது. கவுண்டர் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார், வாயைத் திறந்தார், கட்டுப்பாடு ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். நான் ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போனேன்.

கட்டைவிரல். என் அப்பாவுக்கும் அதுதான். ஊருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றார்கள். ஜீப்பில் வந்த நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டி மருந்து கொடுத்தார், செருப்பைக் கழற்றியதற்குத் திட்டினார், ஆறும்வரை நடக்கக் கூடாது என்றார். ஒரு கேள்வியும் கேட்டார். விரலில் வலி தெரிகிறதா என்று. வலி தெரிந்தால் நல்லது என்றும் சொன்னார். நான் தெரிகிறது என்று சொல்லிவைத்தேன். நடக்காமல் உட்கார்ந்திருந்த அந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் கொடுமை. பேச்சு நின்ற ஊர் வேடிக்கை பார்க்க மட்டும் வந்தது. வாசலில் நின்று துணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இதற்குள் வேறு இரண்டு பெண்களின் குழாய் மஞ்சளாகியிருந்தது. ஒருத்தி அரிசி மண்டிக்காரன் பெண்டாட்டி, இன்னொருத்தி கவுண்டரின் சொந்த மகள், பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தவள். அவர்கள் இரண்டு பேரும் அடிக்கடி வந்தார்கள். புண் ஆறினால் இவள் செய்ததையெல்லாம் தாங்களும் செய்யலாம், ஆறாவிட்டால் எதற்கு என்பது அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

ஒரு நாள் கவுண்டரே வந்தார். தன் கட்டுப்பாட்டைத் தானே உடைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசினார்.

"உங்கப்பனை நம்ம எல்லையில இருந்து தூக்குனவன்ல நானும் ஒருத்தன். எறக்கத்துல கட்டில் சாஞ்சி, அந்தக் காலு பாறையில இடிச்சிது. கத்தப் போறான்னு எனக்கு ஈரக்கொலை நடுங்குது. அவன் இன்னா சத்தம்னு கேக்குறான்மா. அவனுக்கு வலிக்கவே இல்ல."

அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. விரலைக் கிள்ளிப் பார்த்தேன். வலித்ததா, வலிக்க வேண்டும் என்ற ஆசையில் வலித்தது போல் இருந்ததா, எனக்கே தெரியவில்லை. அவர் போன பிறகு வெகு நேரம் அழுதேன். அழுதுவிட்டு எழுந்து சாமையைக் கழுவி உலையில் போட்டேன். மாத்திரையை விழுங்கினேன். காலையில் காய்ச்சிய தண்ணீரில் புண்ணைக் கழுவினேன். இந்தக் காலை நான் விடப்போவதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போடுகிற மாதிரிச் சொன்னேன். அவர் மிச்சத் தண்ணீரை மூடிவைத்தார். அன்றிலிருந்து தண்ணீர் காய்ச்சுவது அவர் வேலையாகிவிட்டது.

புண் ஓரத்திலிருந்து சுருங்கி, பொருக்குத் தட்டி, ஒரு நாள் பொருக்கும் உதிர்ந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்.

மாரியம்மன் திருவிழாவுக்காக ஊர்க்கூட்டம் கூடிய சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கவுண்டர் வீட்டு வாசலைச் செருப்புக் காலோடுதான் கடந்தேன். கோயில் எல்லை வந்த பிறகு கழற்றிவிட்டு, பெண்கள் நிற்கிற ஓரத்துக்குப் போகாமல், ஆண்கள் நடுவே போய்க் கவுண்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். உட்கார்ந்து காலை நீட்டினேன். மாமன் முறைக்காரர் முகத்துக்கு நேரே மருமகள் காலை நீட்டுவது எப்பேர்ப்பட்ட மரியாதைக் கேடு என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்துதான் நீட்டினேன். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. யாரோ என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இவளை எழுப்பு என்றார்கள். அவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"பாருங்க மாமா. எல்லாரும் பாருங்க. ஆறிடுச்சி" என்றேன். எல்லாருக்கும் கேட்டது.

கவுண்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். அந்த இடத்துத் தோலையே வெகு நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, எங்கள் மலையில் யாரும் கேள்விப்படாத காரியமாக, தன் கட்டைவிரலால் என் கால் கட்டைவிரலை அழுத்தினார். நல்ல அழுத்து, சுமை தூக்கிக் காய்ந்த கை.

"வலிக்குதா?" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"வலிக்குது மாமா."

"நல்லா வலிக்கட்டும்மா" என்றார்.